ரொட்டி வண்டி

நனைந்த காலணியை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்கக் கூடாது. தோல் வெடித்துவிடும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தால், காலைக்குள் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். குளிர்கால விடுதிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பேன்.

நீங்கள் அன்செல்மோவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் விடுதி எப்படி நடந்தது என்று தெரியாமல் அது உங்களுக்குப் புரியாது.

அது மூடிப்போன பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம். பள்ளி நடந்த காலத்தில் நான் அங்கே சமையல்காரி. கூரை ஒழுகாது. பெரிய விறகடுப்பு ஒன்று இருந்தது. தலைநகர் சந்தியாகோவில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் ஈரக் குளிர் தெரியாது. ஜூனில் குளிர்கால மழை பிடித்துக்கொண்டால் ஆற்றங்கரையில் படுப்பவர்கள் ஒவ்வொருவராக விறைத்துப்போவார்கள். நகராட்சிக்கு நடையாய் நடந்து நான்தான் சாவியை வாங்கினேன். இருபது கட்டில் போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் என்னை அத்தை என்றார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட.

சாவியைக் கொடுக்கும்போது நகராட்சி ஒரு நிபந்தனை வைத்தது. தெருச் சங்கம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் விடுதியை மூடிவிட வேண்டும்.

தெருக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சங்கத் தலைவி நெல்டாவின் வீடு எங்கள் சுவரை ஒட்டியே இருக்கிறது. எங்கள் ஆட்கள் இருமுவது அவள் படுக்கையறையில் கேட்கும். ஒரே வாரத்தில் இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்தது. காசநோய் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் எனக்குப் பேச வராது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கேட்டார், "அவ்வளவு பாசமா இருந்தா ஒங்க வீட்டுக் கட்டில்லயே படுக்க வச்சுக்க வேண்டியதுதானே?" எல்லோரும் சிரித்தார்கள். நெல்டா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க பாரு ஒதீலியா, எனக்கு அவங்க மேல கோவம் கெடையாது. என் பேரனுக்கு ஏற்கெனவே நெஞ்சுல பூனை கத்துது. இன்னொரு தடவ அந்தச் செவப்பு வெளக்கு என் ஜன்னல்ல சுத்துச்சுன்னா, அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன். அப்புறம் எங்கிட்ட அழாதே."

மறுநாள் அவளே ஒரு கட்டுக் கம்பளி கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் விடுதியின் பெயரை நீல நூலால் தைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு விடுதியில் படுத்திருந்த எவாரிஸ்தோவுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. ரொட்டி எடுத்து வருவதற்கு என்னிடம் ஒரு மூன்று சக்கரத் தள்ளுவண்டி உண்டு. அதில் அவரை ஏற்றி, மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிவரை நானே தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தவர், எல்லோர் முன்னாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "டாக்ஸி பரவால்ல அத்தே. ஆனா சீட்டெல்லாம் ரொட்டித் தூளு, முதுகுல குத்துது. கம்பெனிக்குப் புகார் எழுதலாம்னு இருக்கேன்."

அன்று நானும் சிரித்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவரிடம் முகவரி கேட்டிருக்கிறார்கள். அவர் விடுதியைச் சொல்லிவிட்டார். சுகாதார ஆய்வாளர் வந்து கட்டில்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். இங்கிருந்து இன்னொரு நோயாளி வந்தால் மூடச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆக, ஆம்புலன்ஸும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. இதை நான் ஏற்படுத்தவில்லை.

அன்செல்மோ ஆப்பிள் தோட்டங்களில் பறிப்பு வேலை பார்த்தவர். சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பார். என் சூப்பைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, "ஒரே ஒரு கெழங்கு தனியா நீந்திக்கிட்டு இருக்கு அத்தே, பாவம், தொணைக்கு ஒண்ணு போடுங்க" என்பார். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

ஜூலை நடுவில் அவருக்கு இருமல் கண்டது. அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலை அவருக்கு மாற்றிக் கொடுத்தேன். தேன் போட்டுக் கொதிக்கவைத்த பால் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு விடும்போது ஈர விறகு எரிகிற மாதிரி ஒரு சத்தம். நெல்டா சுவரைத் தட்ட ஆரம்பித்தாள்.

முதல் தடவை நீங்கள் கேட்டபோது, அவர் குடித்துவிட்டுத் தானாக வெளியே போனார் என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அவர் குடிப்பதில்லை. தானாகப் போகவும் இல்லை. அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

தினமும் விடியும் முன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவேன். அங்கே ஃபெர்மீனின் பேக்கரியில் எங்களுக்கு ரொட்டி கொடுப்பார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் வேறு நகராட்சி. என்னையும் வண்டியையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு விறகுப் புகையும் பனியும் சேர்ந்து தெருவிளக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. அவரைக் கம்பளியில் சுற்றி வண்டியில் உட்காரவைத்தேன். அவ்வளவு எடை இல்லை.

தெருமுனையில் கண்ணைத் திறந்தார். "ஆஸ்பத்திரிக்கா அத்தே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் செரமம்" என்றார்.

ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். பாலத்தின் மேல் ஏறியதும் ஆற்றுச் சத்தம் கேட்டது. அவர் கம்பிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்போது அவர் கேட்டிருந்தால் நான் திரும்பியிருக்கலாம் என்று சில சமயம் நினைக்கிறேன்.

அக்கரையில் பேருந்து நிறுத்தம் ஒன்று இருக்கிறது. கூரை உண்டு. பெஞ்சில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன். காலையில் முதல் பேருந்துக்கு ஆட்கள் வருவார்கள், பார்த்து ஏதாவது செய்வார்கள் என்று கணக்கு. அது ஞாயிற்றுக்கிழமை, காலைப் பேருந்து கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தது. வரவில்லை என்று சொல்வதில் பயனில்லை.

கம்பளியை எடுத்துக்கொண்டேன். அதில் விடுதியின் பெயர் இருந்தது. அவர் அதைக் கையால் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. காலுறையை விட்டுவிட்டேன், அதில் பெயர் இல்லை. நான் கம்பளியை மடித்ததை ஃபெர்மீன் கடை வாசலிலிருந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

ரொட்டி அன்று சூடாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். அன்செல்மோ எங்கே என்று எவாரிஸ்தோ கேட்டார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். சாயங்காலம் அந்தக் கட்டிலில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண் வந்து படுத்தாள். நீங்கள் விசாரித்துப் பாருங்கள், குழந்தை நன்றாக இருக்கிறது.

காசநோய் இல்லை, நிமோனியாதான், ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டீர்கள். உள்ளே இன்னும் பத்தொன்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் திரும்பவும் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் கடைசியில் சங்கம் மறுபடி கூடியது. அடுத்த குளிர்காலத்துக்கும் விடுதி நடக்கலாம் என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். நெல்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்கூட பயந்தேன் ஒதீலியா. ஒரு பொணம் விழாம முடிச்சுட்டியே, நீ கெட்டிக்காரிதான்" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நான் சொன்ன எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறந்த இடம் அக்கரை என்றே எழுதுங்கள், விடுதியின் பெயர் அதில் வர வேண்டாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் இறக்கி உட்காரவைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.