ஞாயிற்றுக்கிழமைச் சித்தி

"செத்துப்போன அம்மாதான் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவா."

டீச்சர் இப்படிச் சொன்னதும் முன் இருக்கைக்குக் காதைக் கொடுத்தேன். கூலித் தகராறில் அறுப்பாரில்லாமல் சாய்ந்துகிடந்த நெல்லின் நடுவே வலங்கைமான் பேருந்து ஊர்ந்தது. டீச்சருக்குப் பக்கத்தில் செல்வி, மடியில் சின்ன மகள்.

"சிலோன்லயா டீச்சர்?"

"ஆமா, சபையிலேர்ந்து ஊழியத்துக்குப் போனோமே, அந்தப் பிள்ளைங்க ஹோம்ல. அனாதைன்னாத்தான் சேப்பாங்க. தேயிலைத் தோட்டத்துல ஒரே பட்டினி. அம்மா செத்துட்டான்னு சொல்லிச் சேத்துட்டு, சித்தின்னு வந்துபோவா. கேட்டுக்கு வெளியில என்கிட்ட அழுதப்பதான் தெரிஞ்சுது."

"பிள்ளை உளறிடாதா?"

"ஒருநாளும் இல்லை. 'போய்ட்டு வாங்க சித்தி'ன்னு கையாட்டும். எனக்குத்தான் தாங்கலை."

செல்வி மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கூலி கேட்டு ஜெயிலுக்குப் போனவரு பொண்டாட்டின்னு எனக்கு எவனும் வேலை தர்றதில்லை டீச்சர். நம்ம ஊரு ஹோம்லயும் அனாதைங்களைத்தானே சேப்பாங்க?"

"ஏய், என்ன பேச்சு இது? நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே."

"இவ சாப்பிடணுமே."

மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் யாரு?"

"அம்மா."

"இல்லடி. சித்தி. சொல்லு."

விளையாட்டென்று நினைத்துப் பிள்ளை சிரித்தது. முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னது.