விதர்பை என்ற பெயர் உள்ளவர்கள்

மண்முனைத் துறையில் ஓடம் ஏறுவதற்கு முன் சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஐரோப்பியர் வழிவந்த பறங்கித் தச்சர் ஒருவரும் அவருடைய கூட்டாளியும் நின்றார்கள். தச்சரின் கையில் இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் இருந்தது.

“விதர்பை எண்டு பேர் உள்ள ஆக்கள் உலகத்திலயே கொஞ்சப் பேர்தானாம் மச்சான். இங்கிலாந்தில ஒரே ஒரு ஊர்லதான் இரிக்காங்களாம். இந்தப் பேர் மட்டக்களப்புக்கு எப்படி வந்த எண்டு கேட்டு, அங்க பேர் ஆராயிற ஒருத்தர் எழுதியிருக்கார்.”

“குளம் கட்ட வந்த துரை ஒருத்தன், குடைய மறந்துட்டுப் போற மாதிரி, உன்ட பூட்டிக் கிழவிக்கிட்ட தன்ட பேர மறந்துட்டுப் போயிட்டான் எண்டு எழுது.”

“பகிடி பண்ணாத. அவரும் விதர்பைதான். ஒரு வகையில சொந்தம்.” தச்சர் குரலைத் தாழ்த்தினார். “மகனுக்குப் பதினேழு வயசு. ஆமியும் இயக்கமும் ரெண்டு பக்கத்தாலயும் பொடியன்களப் பிடிக்காங்க. அவன அங்க கூப்பிட்டு எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறன்.”

“அவர் பேரத்தான் கேக்கார், ஆளக் கேக்கல்லயே. செத்த ஆக்கள்ற விவரமும் கேட்டிருக்காரா?”

“ஓம். செத்த திகதி போடக் கட்டம் விட்டிருக்கார்.”

“நல்ல சொந்தம்தான்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. தச்சர் அடையாள அட்டையை வெளியே எடுத்தார்.

“இஞ்ச இந்தப் பேர்ல எத்தின பேர் எண்டும் கேட்டிருக்கார்.”

“என்ன எழுதப் போறாய்?”

“நானும் மகனும், இப்போதைக்கு ரெண்டு பேர். எண்ணுறதெண்டால் பிந்தாம கெதியா எண்ணச் சொல்லி எழுதுவன்.”