பல் டாக்டர் வீட்டுப் பல்வலி

பேசாதீங்க, பேசாதீங்க! பஞ்சு விழுந்துடப் போகுது. பல்லு எடுத்து இன்னும் அரைமணி நேரம் ஆகலல்ல, நல்லா கடிச்சுக்கிட்டே இருங்க. தலைய மட்டும் ஆட்டுங்க, எனக்கு அது போதும். எங்க வீட்ல நான் பேசினா அதுகூட கெடைக்காது.

எதுல விட்டேன்? ஆங், எங்க வீட்டுக்காரர். ஆமாம்மா, அவரும் பல் டாக்டர்தான். பல்கலைக்கழகத்துல பல் மருத்துவக் கல்லூரி இருக்குல்ல, அங்க ஆராய்ச்சிப் பிரிவுக்கே அவர்தான் தலைவர். கண்ண விரிக்காதீங்க, தாடை வலிக்கும்.

அப்புறம் எதுக்கு இந்தச் சந்துக்குள்ள மாடி ஏறி வந்தேன்னுதானே பாக்கறீங்க? அங்க பல்லு பாக்க யாருக்கும்மா நேரம்? எல்லாரும் ஆராய்ச்சில இருக்காங்க. ஒரு ரூம்ல ஒரு மெஷின் இருக்கு, எப்பவோ புடுங்கின பல்ல ராவும் பகலுமா தேய்ச்சுக்கிட்டே இருக்கு. எம் புள்ள வாய்ல இருக்கற பல்ல ஒரு வேள ஒழுங்கா தேய்க்க மாட்டேங்குறான், அத யாரும் ஆராய மாட்டேங்குறாங்க. இன்னொரு ரூம்ல, டீ குடிச்சா பல்லு கறையாகுமான்னு ஆறு வருஷமா பாத்தாங்க. ஆகுமாம். கண்டுபுடிச்சுட்டாங்க. அதுக்கு ஒரு கேடயம் வேற.

கேடயத்துக்கு எங்க வீட்ல பஞ்சமே இல்ல. அலமாரி நெறஞ்சு, கட்டிலுக்கு அடிலயும் தள்ளியாச்சு. காத்துல கதவு அடிச்சுக்குதேன்னு ஒண்ண எடுத்து முட்டுக் குடுத்தேன், அதுக்கு மனுஷன் ரெண்டு நாள் என்கூடப் பேசல.

ஆனா இவரோட ஆராய்ச்சி இருக்கே, அது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடும். பயம்மா, பயம்! பல் நாற்காலில உக்கார ஜனங்க ஏன் நடுங்குறாங்க? அதத்தான் வருஷக்கணக்கா அளக்கறார். ஆள உக்கார வச்சு, விரல்ல ஒயர மாட்டி, நாடி எப்படித் துடிக்குது, உள்ளங்கை எவ்ளோ வேர்க்குதுன்னு ஒண்ணு விடாம. ஒரு அம்மா ஒயரோடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிட்டாங்களாம். அவங்களயும் கணக்குல சேத்துக்கிட்டாங்க, கடுமையான பயம்னு போட்டு. கடைசில என்ன முடிவு? பயம் பல்லுல இல்லியாம், மனசுலதான் இருக்காம். அத வெளிநாட்டுப் பத்திரிகைல போட்டு பதினோரு பேரு பேர எழுதியிருந்தாங்க. அந்த ரூம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத கல்லூரி முதல்வர் பேருதான் மொதல்ல. பாவம், அந்த நாற்காலி பேர மட்டும் விட்டுட்டாங்க.

அதுக்குத்தான் நாளைக்குப் பெரிய விழா. பயத்த ஜெயிக்கறது எப்படின்னு இவர் மேடைல முக்கா மணி நேரம் பேசணும். இந்த நேரம் பாத்தா வீட்ல பல்வலி வரணும்? ஒரு வாரமா தூக்கமில்ல, சாப்பாடு எறங்கல, கன்னம் பன்னு மாதிரி உப்பிப் போச்சு. இன்னிக்கு அந்தப் பல்ல எடுக்கலன்னா நாளைக்கு மேடை இல்ல, மானம் போயிடும். கல்லூரில காட்டலாம்தான். மத்தியானத்துக்குள்ள கேன்டீன் வரைக்கும் சிரிப்பாங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க, என் கன்னத்தயா? வீங்கலதான். எனக்கென்ன, கல்ல கடிச்சாலும் தாங்கும்.

கிட்ட வாங்க, இத மெதுவா சொல்றேன். அதோ கதவோரம், தொப்பியும் மாஸ்க்குமா, எங்கியோ போற ரயிலுக்குக் காத்திருக்கற மாதிரி நுனில உக்காந்திருக்காரே, அவர்தான். சீட்டு மட்டும் என் பேர்ல. ஐயோ சிரிக்காதீங்க, பஞ்சு!

நேத்தும் வந்தோம். உள்ள டாக்டரோட பல்லு கொடையற மெஷின் கொய்ங்னு ஒரு சத்தம் போட்டுச்சு, நான் திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆளக் காணோம். தெருமுனைல பூட்டின கடை ஷட்டர்ல சாஞ்சு நிக்கறார், சட்டை பூரா வேர்வை. எனக்குத் திட்டவே வாய் வரலம்மா. அழுகதான் வந்துச்சு. எத்தன மேடைல எவ்ளோ அதட்டலா பேசற மனுஷன், கொழந்த மாதிரி என் கையப் புடிச்சுக்கிட்டார்.

அடடா, மெஷின் ஆரம்பிச்சுடுச்சு. இருங்க, குரல ஏத்திக்கறேன். சீட்டு குடுக்கற அந்தப் பொண்ணு மொறைச்சா மொறைச்சுட்டுப் போகட்டும், நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டுங்க.

ஆமாங்க! போன மாநாட்டுல இவர் பேச ஆரம்பிச்சதும் முன்வரிசையே தூங்கிடுச்சு! ஒருத்தர் கொறட்டை விட்டதக் கைத்தட்டல்னு நெனச்சு இவர் கும்பிடு போட்டாராம்!

பாத்தீங்களா, பாத்தீங்களா, மாஸ்க்குக்கு மேல கண்ணு செவந்துடுச்சு. நல்லா மொறைக்கட்டும். அவங்க கூப்பிடற வரைக்கும் இப்படியே கோவத்துலயே வச்சிருக்கணும்மா. கோவத்துல இருந்தா எந்திரிச்சு ஓட மாட்டார்.