ஆத்தோட போன டிஸ்க்

ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் காவிரியில் குளித்துவிட்டு நாமக்கல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அந்தம்மா சாவகாசமாகச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல கழட்டுன பழைய ஹார்டு டிஸ்க்கையும் ஆத்துல உட்டுட்டேனுங்க."

"எதை?"

"மேசை மேல கெடந்துச்சே, அதைத்தானுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சுக் கும்பிட்டது. குப்பையில போட மனசு வரலை. மஞ்சத் துணியில கல்லோட முடிஞ்சு உட்டேன்."

"அடிப்பாவி! புது டிஸ்க்குல இன்னும் ஒண்ணுமே ஏத்தலியே! நாளைக்குத்தான் பழசுல இருந்து காப்பி பண்றதா இருந்தேன்."

"புதுசு மாட்டியாச்சுன்னு சொன்னீங்களே?"

"மாட்டுனா? கல்யாண வீடியோ பூராம் பழசுலதான இருந்துச்சு! கேமரா கார்டையும் அழிச்சுட்டேன்."

துவட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, பரமத்திக் கல்யாணமுமா? பொண்ணைத் தாரை வார்த்துக் குடுத்துட்டு மறு வாரமே தவறிட்டாரே, அவரு இருக்கறதுமா?"

புருஷன் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கு எம்பக்கத்துல நின்னுதானுங்க கல்யாண மாலையை ஆத்துல உட்டுச்சு. எங்கப்பாவை எப்பங்கக்கா பாக்கலாம்னு கேட்டுச்சு. நாளைக்கு வா சாமின்னு சொல்லீட்டுத்தானுங்க அதைத் தண்ணியில உட்டேன்."