எட்டுக்குப் பத்து

சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்குவது ஆசைக்காரர்கள் செய்யும் தவறு. எட்டடிக்குப் பத்தடி அறையில் ஆள் உயரப் பெட்டி இரண்டை நிறுத்தினால் கனத்த ஒலியெல்லாம் மூலைகளில் போய்க் குவிந்துகொண்டு பாட்டையே விழுங்கிவிடும். புத்தக அலமாரியில் அடங்குகிற பெட்டி போதும். அதையும் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒரு முழம் முன்னால் இழுத்து, காது உயரத்தில், உட்காருகிறவரைப் பார்த்தாற்போல லேசாகத் திருப்பி வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு எழுபத்தொரு வயதில்தான் தெரிந்தது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். முப்பத்துநான்கு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். அளந்த நிலத்தில் ஓர் அங்குலத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இங்கேயும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த அறை அப்பாவுடையது. அவர் இன்ஜினியர். வரைபடம் போடுவதற்காகக் கட்டிக்கொண்டது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஓரத்தில் சின்னக் குளியலறை, அதன் உச்சியில் பக்கத்துச் சந்துப் பக்கமாக ஒரு காற்றுத் துவாரம். அப்பாவுக்குப் பிறகு அதில் தம்பி இருந்தான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிழையைக் கண்டால் விடமாட்டான். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் மருந்துச் சீட்டைக்கூடப் பேனாவால் திருத்தி வைப்பான். அதைவிட்டால் அவனுக்குப் பாட்டு. ஒரு பழைய டேப் பெட்டி வைத்திருந்தான். அதில் எல்லாருக்கும் சளி பிடித்தாற்போலத்தான் குரல் வரும்.

என் மனைவி போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவைச் சேர்த்தால் மூன்று. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய படிக்கட்டு அந்தச் சந்து வழியாகத்தான் ஏறும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நூலக வாசலில் கல்லில் இருக்கும் பெயர் அவருடையது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று இடிந்து நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். தூணுக்கு ஆறு கம்பி போடச் சொல்லி அப்பா வரைந்திருந்தார், கொத்தனார் மூன்றுதான் போட்டார் என்று தீர்ப்பாயிற்று. கொத்தனாருக்கு ஒன்பது வருஷம். உள்ளேயே இறந்துபோனார். அவருடைய மகள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் துணி தைக்கிறாள். இன்றைக்கும் அவளுக்குப் பெயர் ‘பிள்ளைகளைக் கொன்றவன் மகள்’தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தம்பி அப்பாவின் பெட்டியைக் குடைந்து ஒரு வரைபடத்தை எடுத்து வந்தான். மேசையில் விரித்து, நான்கு முனையிலும் டம்ளர் வைத்தான்.

“எண்ணிப் பாருண்ணே. தூணுக்கு எத்தனை கம்பி?”

மூன்று. அப்பாவின் கையெழுத்து. இடிவதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி.

“கட்டடம் இடிஞ்சப்புறம் உக்காந்து வேற வரைபடம் போட்டிருக்கார். கோர்ட்டுல அதைக் காட்டியிருக்கார்.”

“அப்பா போய் இருபது வருஷம் ஆச்சுடா.”

“தையல்காரம்மா இருக்காங்கல்ல. இதை அவங்க கையில கொடுக்கணும். பிழைன்னு தெரிஞ்சப்புறம் அச்சுக்கு விட எனக்கு வராதுண்ணே.”

எனக்கு ஒரு மாதம் அவகாசம் கொடு என்றேன். கொடுத்தான். என் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவன்.

அந்த மாதத்தில்தான் அவனுடைய அறைக்கு நல்ல ஒலிச் சாதனம் வைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அவன் நம்பவில்லை. “அண்ணே, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளைபோல அறையை ஒழித்துக் கொடுத்தான்.

ஸ்பீக்கர் கடைக்காரர் கெட்டிக்காரர். கையில் ஒரு மைக்கைப் பிடித்து அறையின் நடுவில் நின்று விசில் மாதிரி சத்தமெல்லாம் எழுப்பி அளந்தார். அளக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். மூலைகளில் தடித்த பஞ்சுப் பட்டைகள் வைத்தார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அறைக்கு வெளியே கூடத்தில் வைக்கச் சொன்னேன். சின்ன அறையில் சூடு ஏறும் என்பது காரணம். அது உண்மையும்தான்.

“வெளியில எவ்வளவு கேக்கும்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “எல்லாரும் உள்ள நல்லாக் கேக்கணும்பாங்க. நீங்கதான் சார் வெளியில கேக்கக் கூடாதுங்கறீங்க.”

“நான் கூடச் சேர்ந்து பாடுவேன்ல, அந்தப் பயம் அண்ணனுக்கு” என்றான் தம்பி.

அப்படித்தான் ஜன்னலைப் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்தோம். கதவுக்கு உள்பக்கம் மெத்தை, சுற்றிலும் ரப்பர் பட்டை. பலகையை ஆணி அடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டவன் தம்பிதான். குளியலறைத் துவாரத்தையும் அடைத்துவிடலாமே என்றேன். கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார்.

“காத்து போற வழியிலதான் சார் சத்தமும் போகும். அதுக்காக இதை அடைக்க முடியுமா? ஆள் இருக்கற ரூமு. இது ஒண்ணுதான் மிச்சம். தொடாதீங்க.”

சரி என்றேன்.

கடைசியாக அவர் அந்தச் சாதனத்தின் ஒரு வசதியைக் காட்டினார். அறையில் ஒரு சின்ன மைக் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். தன் பாட்டைக் கழித்துவிட்டு மற்ற சத்தத்தை மட்டும் அளக்கும். பேச்சுச் சத்தம் எழுந்தால் பாட்டு தானாக ஏறி அதை மூடும். அமைதியானால் இறங்கும். கூடத்துப் பெட்டியில் அந்த எண் தெரியும். தம்பி நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது பதினாறு காட்டியது. கை தட்டச் சொன்னார், இருபத்தெட்டு. கத்தச் சொன்னார், முப்பத்தெட்டு. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தியபோது பதினான்கு.

“ஆளே இல்லேன்னா பதினாலு. ஒருத்தர் மூச்சு விட்டாப் போதும், பதினாறு. அவ்வளவு கூர்மையான காது சார் இதுக்கு” என்றார்.

மாதம் முடிந்த அன்று காலை தம்பி சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். வரைபடம் பையில் இருந்தது. அவன் குளியலறைக்குள் போனபோது பையையும் அவனுடைய போனையும் எடுத்துக்கொண்டு கதவை வெளியே பூட்டினேன். வரைபடத்தைக் கொல்லையில் எரித்தேன். திரும்பி வந்து கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டியிருந்த சங்கிலி விடுகிற அளவுக்கு, ஒரு சாண், திறந்து விஷயத்தைச் சொன்னேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தான். பிறகு, “காகிதம் போனாப் போகுதுண்ணே. நான் இருக்கேனே. எத்தனை கம்பின்னு நான் சொல்லுவேன்” என்றான்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி வைக்கவில்லை அவன்.

சொல்ல மாட்டேன் என்று அப்பா மேல் சத்தியம் செய், திறக்கிறேன் என்றேன். ஒவ்வொரு வேளையும் இதைத்தான் கேட்டேன். இரண்டு வேளைச் சாப்பாடு அந்த ஒரு சாண் இடைவெளியில் கொடுத்தேன். தண்ணீர் குளியலறைக் குழாயில் வந்தது. அவனுக்குப் பிடித்த பாட்டுகளைத்தான் போட்டேன். அவன் கத்தினால் பாட்டு அவனுக்கு மேலே ஏறியது. நான் அவன் மேல் கை வைத்ததில்லை. சிறுவயதில்கூட அடித்ததில்லை.

உங்கள் இளைய அதிகாரி கேட்டார், வெளியே போக முடியாமல் ஒரு மனிதனை அப்படி வைக்கலாமா என்று. நான் மட்டும் வெளியே போனேனா? கடைத்தெருவுக்கு அரைமணி நேரம். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் அந்தப் பெட்டிக்கு எதிரே, எண்ணைப் பார்த்துக்கொண்டு. அவனுக்காவது கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்று தெரியும். கல்லில் பெயர் இருக்கிற வீட்டில் பிறந்தவனுக்குத் திறக்கிற கதவு கிடையாது ஐயா. அவன் அதைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

ஒன்று எனக்கும் புரியாமல் இருந்தது. ஸ்பீக்கரின் ஒயரை அவன் பிடுங்கி எறிந்திருக்கலாம். இரண்டே ஒயர். பிடுங்கவில்லை. பாட்டின் மேல் இருக்கிற ஆசை என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினேழாம் நாள் காய்கறிக் கடையில் நர்ஸம்மாவைப் பார்த்தேன்.

“புது ஸ்பீக்கர் பிரமாதம் சார். மாடிப்படியில உக்காந்தா எனக்கும் ஓசியில கச்சேரி.”

“தொந்தரவா இருந்தாச் சொல்லுங்கம்மா.”

“சேச்சே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.” கையில் இருந்த கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தபடியே பேசினார். “பாட்டு மூணு தடவை ஏறி இறங்குது. கொஞ்சம் நிக்குது. மறுபடியும் மூணு. தினமும் நீங்க பையை எடுத்துட்டுக் கிளம்பின கையோட ஆரம்பிக்குது. நீங்க இங்க நிக்கறப்போ, வீட்டுல யாரு சார் ஏத்தி இறக்கறது?”

“புது மெஷினும்மா. தானாவே ஏறி இறங்கும்.”

நான் பொய் சொல்லவில்லை. நீங்களே சோதித்துப் பார்த்துவிட்டீர்கள்.

“தம்பியை ரெண்டு வாரமாக் காணோமே. எப்ப வர்றார்?”

“அவனை எதிர்பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றேன். இதுவும் பொய்யில்லை.

“அவர்கிட்ட ஒரு மருந்துச் சீட்டு கொடுத்திருந்தேன். எழுத்துப்பிழை திருத்தித் தர்றேன்னார். கேலிக்காரர்” என்று சொல்லிவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கிற பார்வை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தம்பியின் மேல் வருத்தமாக இருந்தது. குரல் வெளியே போகாது என்று தெரிந்ததும், அவன் என் சாதனத்தையே குரலாக்கிக்கொண்டிருக்கிறான். மூன்று முறை கத்தி, மூன்று முறை பாட்டை ஏற்றி, துவாரத்தின் வழியாக மாடிப்படிக்கு. மூன்று எதற்கு என்று உங்களுக்கே தெரியும். அவனுக்காக ஆசையாக வைத்த பொருளைக் கொண்டு அப்பாவைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஏணி வீட்டிலேயே இருந்தது. பஞ்சுப் பட்டையில் இரண்டு மிச்சம் இருந்தது. பசைக் குழாய் பாதி. நர்ஸம்மா கடையிலிருந்து திரும்புவதற்குள் சந்துப் பக்கமாக ஏறினேன். துவாரம் ஒரு அடிக்கு முக்கால் அடி. அளந்து வெட்டினேன், உள்ளே செருகினேன், சுற்றிலும் பசை வைத்தேன், மேலே பலகை அடித்தேன். முதல் ஆணி அடித்ததுமே உள்ளிருந்து அவன் குரல் கேட்டது. மிகப் பக்கத்தில். கக்கூஸ் மேடையில் ஏறி நின்றிருக்க வேண்டும்.

“அண்ணே, இது வேணாம்ணே. கடைக்காரர் சொன்னாருல்ல.”

கடைக்காரர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். ஆம், தெரிந்துதான் செய்தேன்.

“சத்தியம் பண்ணுடா, இப்பவே பிரிச்சுடறேன்” என்றேன்.

பதில் வரவில்லை. பதில் வந்திருந்தால் இன்று இந்த அறையில் நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அதற்குப் பிறகு கதவைத் திறக்கவில்லை. நர்ஸம்மா ஏதாவது சாக்கில் கீழே வந்துகொண்டே இருந்தார். ஒருமுறை தீப்பெட்டி கேட்டு, ஒருமுறை தம்பியின் போன் நம்பர் கேட்டு. சங்கிலி அளவு திறந்தாலும் அவன் குரல் கூடத்தில் கேட்டுவிடும். வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டு நாற்காலிக்கு வருவேன்.

முதல் நாள் முப்பத்தெட்டு. அடிக்கடி. இரண்டாம் நாள் முப்பதைத் தாண்டவில்லை. மும்மூன்றாகத்தான் ஏறியது. மூன்றாம் நாள் இருபதுக்கும் பதினாறுக்கும் நடுவில். சாயங்காலம் இரண்டு முறை ஏறியது. மூன்றாவது ஏறவில்லை. அவன் களைத்துவிட்டான், நிதானத்துக்கு வருகிறான் என்று தெரிந்தது. இரவெல்லாம் பதினாறு.

அவனுக்கு எப்போதும் அப்படித்தான். முதலில் முரண்டு பிடிப்பான், பிறகு என் வழிக்கு வந்துவிடுவான். பள்ளிக்கூடம் மாற்றும்போதும் அச்சக வேலையில் சேரும்போதும் அப்படித்தான் நடந்தது. பெரியவன் பேச்சைக் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

நான்காம் நாள் காலை வாசலில் நர்ஸம்மாவும் அவருக்குப் பின்னால் நீங்களும் நின்றிருந்தீர்கள். “மூணு நாளாப் பாட்டே கேக்கல சார்” என்றார் அவர். உள்ளே வாருங்கள் என்று நான்தான் அழைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துப் பேசுவது மரியாதையில்லை. சாவியையும் நானே எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கதவை உடைப்பதற்கு அவசியம் இருக்கவில்லை. அப்பா போட்ட தேக்குக் கதவு அது.

நீங்கள் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால்தான் பெட்டியைப் பார்த்தேன். அவனுக்கு மிகவும் பிடித்த பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, எண் இறங்கிப் பதினான்கில் நின்றிருந்தது. கடைசியில் தம்பி என் சொல்லுக்கு ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாயிற்று.