பிஸ்கட்டுக்கு ஒரு வாளி சோளம்

மான்குட்டிக்கு ஆட்டுப்பால்தான் ஒத்துக்கொள்ளும், ஷெரீப். பசும்பால் கொடுத்தால் வயிறு போய்க் குட்டி தங்காது. இது தெரியாமல் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் பாவம் சேர்த்திருக்கிறார்கள். என் கையில் பால் குடித்த குட்டி எதுவும் பாலால் செத்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று பேசுவதாக உங்கள் ஆள் காரில் வரும்போது சொன்னார்.

பிஸ்கட் என்று நான் பேர் வைத்த குட்டியின் தாய் எங்கள் எட்டடி வேலியைத் தாண்டப் பார்த்து, பின்னங்கால் கம்பியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிச் செத்தது. குட்டி அதன் கீழே நின்று மடியை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மேல்சட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடுப்படியில்தான் படுக்கை. ஒரு நாள் காலை, ஆற வைத்திருந்த பிஸ்கட் தட்டைக் காலி செய்துவிட்டு, மூக்கெல்லாம் மாவோடு ஒன்றும் தெரியாதவன் போல என்னைப் பார்த்தான். நான் சிரித்த சிரிப்பில் என் புருஷன் ராய்ஸ் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"இவன விக்கறதா இல்ல, நெல்டா," என்றார். "இவன் கெழடாகி, பல்லெல்லாம் கொட்டி, நம்ம வாசல்லதான் சாவான். எழுதி வெச்சுக்கோ."

நான் எழுதி வைக்கவில்லை. புருஷன் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். முந்நூறு ஏக்கர் நிலம், சுற்றிலும் வேலி, உள்ளே நாங்களே வளர்த்த கொம்பன் மான்கள். ஹூஸ்டனிலிருந்தும் டாலஸிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்து சுட்டுவிட்டு, தலையைப் பாடம் செய்து எடுத்துப் போவார்கள். டெக்ஸஸில் அது குற்றமில்லை. ஆனால் பக்கத்துப் பண்ணை ஹார்லனுக்கு அது பொறுக்காது. அவர் வேலியில்லாத காட்டில் வேட்டையாடுகிறவர், அதாவது பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர். காபிக் கடையில் ராய்ஸைக் கண்டால் விடமாட்டார்.

"வேலிக்குள்ள நிக்கிறதச் சுடுறதுக்குப் பேரு வேட்டைன்னா, நான் கறிக்கடைக்குப் போறதும் வேட்டைதான் ராய்ஸ். என்ன, கறிக்கடையில மாட்டோட நின்னு ஃபோட்டோ எடுக்க விடமாட்டான்."

"முந்நூறு ஏக்கர்ப்பா. வேலி இருக்கறதே மானுக்குத் தெரியாது."

"அப்படியா? அப்போ வேலியோரமா சுத்திச் சுத்தி ஒரு தடம் கெடக்கே, அது யாரு நடந்து போட்டது? நெல்டாவா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ராய்ஸின் காது மடல் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் நாடகம் போட ஆரம்பித்தார்.

சுட வந்தவரை வேட்டைப் பரணில் ஏற்றிவிட்டு, ராய்ஸ் கீழே புல்லில் மண்டியிடுவார். உதிர்ந்த கொம்புகளைக் கைக்கொன்றாக எடுத்துப் படபடவென்று மோதுவார். எங்கோ இரண்டு ஆண் மான்கள் சண்டை போடுகின்றன என்று நினைத்து, காட்டுக் கொம்பன் கோபத்தோடு ஓடி வரும். தெற்கு டெக்ஸஸில் எல்லோரும் செய்வதுதான். எங்கள் மான்கள் அதற்கெல்லாம் வராது. வளர்த்த மான்கள், வேளாவேளைக்குச் சாப்பிட்டுப் பழகியவை. அவை வருவது நான் சோள வாளியைக் குலுக்கினால் மட்டும்தான். அதனால் ராய்ஸ் கொம்பை மோத, நான் சீடர் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வாளியைக் குலுக்குவேன். மான் வாயில் எச்சில் ஊற என்னை நோக்கி நடந்து வரும். பரண் மேலிருந்து, "கூப்ட்டதும் வர்றான் பாரு, வெறியோட வர்றான்," என்று கிசுகிசுப்பு கேட்கும். நான் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்குவேன்.

சில நாள் ராய்ஸுக்கு உற்சாகம் ஏறிவிடும். மான் தன்மேல் பாய்ந்துவிட்டது போலப் புல்லில் உருண்டு, "சார், கொன்னுடுவான் போல இருக்கே," என்று கத்துவார். மானோ அவரைத் தாண்டிச் சோளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் எனக்கு வரும் கிறுகிறுப்பை எப்படிச் சொல்ல. ராட்டினம் உச்சியில் போய் நிற்கும்போது அடிவயிறு கூசுமே, அது. துப்பாக்கி வைத்திருப்பவர் மேலே, கொம்பு வைத்திருப்பவர் கீழே, ஆனால் மான் வருவது எனக்காக. சாகும்போது அவை கடைசியாகப் பார்த்தது ஆட்டுப்பால் கொடுத்த முகத்தை. அதில் என்ன கொடுமை இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிஸ்கட் வளர்ந்தான். அப்படி ஒரு கொம்பை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. வாசல் கதவுக்குள் தலையை நுழைக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்த்து நிற்பான். போன வருஷம் வந்து போன பல் டாக்டர் விட்லாக் அவனுடைய படத்தைப் பார்த்துவிட்டார். ராய்ஸ் இரவுச் சாப்பாட்டின்போது உப்பைக் கேட்பது போல அதைச் சொன்னார்.

"பிஸ்கட்ட டாக்டருக்குப் பேசி முடிச்சிட்டேன், கண்ணு."

"வாசல்லதான் சாவான்னு சொன்னீங்க."

"அது குட்டியா இருக்கும்போது சொன்னது. இப்போ அவன் தலையில இருக்கறது நம்ம வீட்டுக் கூரை, புது பம்ப்பு, எல்லாம். நீதானே இத்தன நாளா வாளி ஆட்டின? இவனுக்கும் ஆட்டு."

அவர் சொன்னது உண்மைதான். வலித்தது, ஆனால் உண்மை. நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபரில் வர வேண்டிய டாக்டர், மகள் கல்யாணம் என்று நவம்பருக்குத் தள்ளிப்போட்டார். நவம்பர் எங்களுக்கு ஆகாத மாதம். ஆண் மானுக்கு மதம் ஏறும் மாதம். காட்டு மானாவது மனிதனைக் கண்டு ஓடும். கையில் பால் குடித்து வளர்ந்ததற்கு அந்தப் பயம் கிடையாது. எதிரில் நிற்கிறவனையும் ஒரு மானாகத்தான், போட்டிக்கு வந்தவனாகத்தான் நினைக்கும். மற்ற பண்ணைகளில் அதற்கு முன்பே கொம்பை அறுத்துவிடுவார்கள். விற்பதே கொம்பைத்தான் என்கிறபோது எப்படி அறுப்பது? அதனால் எங்கள் பண்ணையில் வேட்டை நாளன்று காலைத் தீவனத்தில் தூக்க மருந்து கலப்போம். மான் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்த மாமாவைப் போல மெதுவாக நடக்கும், வந்தவருக்கும் குறி தப்பாது. கலப்பது என் வேலை.

மிருக வைத்தியர் பிஸ்கட்டின் ரத்தத்தில் மருந்தே இல்லை என்றதால்தானே என்னைக் கூப்பிட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் மறக்கவில்லை. கலக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ராய்ஸ் போட்டிருந்த ஜாக்கெட்டை நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். வேட்டைச் சாமான் கடையில், ஆண் மானை இழுப்பதற்காகப் பெட்டைமானின் மணத்தைக் குப்பியில் விற்கிறார்கள். பூட்ஸின் அடியில் இரண்டு சொட்டுத் தடவுவது வழக்கம். நான் ராய்ஸின் முதுகில் குப்பியையே கவிழ்த்தேன்.

"என்ன நெல்டா, இப்படி நாறுது?" என்றார்.

"டாக்டர் ரெண்டாவது தடவ வர்றார். நெஜமா இருக்கட்டுமேன்னுதான்."

அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

நல்ல வெயில். டாக்டர் பரணில் ஏறினார். ராய்ஸ் புல்லில் மண்டியிட்டுக் கொம்புகளை மோதினார். நான் புதருக்குப் பின்னால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ராய்ஸ் என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார், குலுக்கு என்று. நான் கையசைத்தேன்.

பிஸ்கட் ஓடி வந்தான். அத்தனை வருஷ நாடகத்தில் முதல் தடவையாக ஒரு மான் ராய்ஸ் கூப்பிட்டு வந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். ஹார்லன் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர் உருண்டார். "டாக்டர், சுடுங்க, கொன்னுடுவான்," என்று கத்தினார். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு ஃபோனில் வீடியோப் படம் எடுத்தார். "போன வருஷத்த விட இது பிரமாதம் ராய்ஸ்," என்று மேலேயிருந்து கைதட்டினார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஷெரீப். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் படத்தில் பெண் சிரிக்கும் சத்தம் கேட்கிறது என்றீர்களே, அது நான்தான்.

ராய்ஸ் அசையாமல் போன பிறகும் டாக்டர் கொஞ்ச நேரம் கைதட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நிறுத்தினார்.

"மேடம், நான் நாடகம்னு நெனச்சேன் மேடம்," என்றார். பல்லெல்லாம் தந்தியடித்தது.

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. எறங்காதீங்க. துப்பாக்கிய எடுத்துக்கங்க," என்றேன்.

நான் செய்தது நியாயமான வேட்டை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ராய்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே வேலி. மருந்து கிடையாது. ஹார்லன் ஓயாமல் சொல்லுகிற நியாயம் அதுதானே.

வேலிக் கேட்டின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து விட்டிருந்தால் பிஸ்கட் மலைப்பக்கம் ஓடிப் பிழைத்திருப்பானே என்று நீங்கள் கேட்பதில் தப்பில்லை. அவனுக்காகப் புருஷனையே கொடுத்தவள், கேட்டைத் திறக்க என்ன என்று தோன்றும். உண்மையில் அவன் கேட்டுக்குப் பக்கத்தில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். கொம்பெல்லாம் சிவப்பு. வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் வாளியைக் குலுக்கினேன். லேசாகத்தான். அவன் காது திரும்பியது, பிறகு தலை, பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும். மதமெல்லாம் எங்கே போனதோ, குட்டியைப் போல என்னிடம் நடந்து வந்தான். அடிவயிறு கூசியது. அதற்கு முன் எந்த மானுக்கும் அப்படிக் கூசியதில்லை. டாக்டர் சுட்டுவிட்டார், குறி தப்ப முடியாத அளவு பக்கத்தில் வந்திருந்தான்.

நீங்கள் அவனை அறிந்தவரில்லை, ஷெரீப், அதனால்தான் கேட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். வெளியே போயிருந்தால் யாராவது ஒருத்தி வாளியைக் குலுக்கியிருப்பாள், அவளிடமும் இதே போலத்தான் போயிருப்பான். அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருக்க அவனைப் பால் கொடுத்து வளர்த்தவளால் முடியுமா?