மூன்றாம் மாடிக் கதவைச் சாத்தியவருக்கு

முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளின் மூச்சும் முனகலும் அறிந்த முதுபெரும் பணியாளரே! கீல் ஒன்று கிறீச்சிட்டால் கீழ்த்தளத்தில் நின்றபடியே அது எந்தக் கதவென்று கூறிவிடும் கூர்செவிச் செம்மலே! ஏழு மாடி ஏறியிறங்கி எலும்பு தேய்ந்தும் எவரிடமும் ஒருநாளும் கடிந்து பேசாத எங்கள் ஏந்தலே! இம்மருத்துவமனையின் தீத்தடுப்புக் கதவுகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் மாட்டியும் மாற்றியும் காத்தும் வந்து, இன்று மாலையோடு பணிநிறைவு பெறும் பெரியீர்! வணக்கம்.

இவ்வளவு அடைமொழியைக் கேட்டுத் தாங்கள் நாற்காலியில் நெளிவது இங்கிருந்தே தெரிகிறது. பொறுத்தருள்க. முறைப்படி இம்மடலை எழுத வேண்டியவர்கள் தங்கள் பொறியியல் பிரிவினர். மூன்றாம் மாடிப் பெண்கள் பொதுப்பிரிவில் பணிபுரியும் நாங்கள்தாம் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்வதற்கே இம்மடல்.

கடமையே கண்ணாயினீர்! காலை எட்டுக்குக் கருவிப்பையைத் தோளில் மாட்டினால், கதவுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் தகட்டைச் செருகி இடுக்கு அளப்பீர்கள். கதவைப் பாதி திறந்து கைவிட்டுவிட்டு, அது தானாகச் சென்று தாழ்விழும் ஓசைக்குக் காத்து நிற்பீர்கள். சூடேறினால் பொங்கி இடுக்கை அடைக்கும் ஓரப்பட்டையை, நாடி பார்ப்பதுபோல் விரலால் தடவுவீர்கள். இவை தங்கள் பணியில் பாதி. மறுபாதி, நாங்கள் வைத்த முட்டுக்கட்டைகளைப் பிடுங்குவது.

மருந்துப் பெட்டி, மடித்த அட்டை, துடைப்பக்கட்டைத் துண்டு, ஒருமுறை ஒரு மருத்துவரின் ஒற்றைச் செருப்பு என்று, கதவு சாத்தாமலிருக்க நாங்கள் எதைத்தான் அடியில் செருகவில்லை! நாள்தோறும் பதினைந்து, இருபது பிடுங்குவீர்கள். பிடுங்கிவிட்டு, காது புளிக்கும்வரை கேட்ட அதே சொல்: "சாத்தியே இருக்கட்டும்மா." அதனால் தங்களுக்குச் 'சாத்து சார்' என்று பெயரிட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். "கதவுக்கு ஆப்பு வச்சா உங்களுக்கு ஏன் சார் வலிக்குது?" என்று நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. தாங்களும் சிரித்தீர்கள்; மறுநாளும் வந்து பிடுங்கினீர்கள்.

எங்கள் பக்கத்தையும் தாங்கள் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவர்களாவோம். இருபத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர். மருந்துத் தள்ளுவண்டியை இடுப்பால் முட்டி அந்தக் கனத்த இரட்டைக் கதவைத் திறந்தால், வண்டி உள்ளே போவதற்குள் அது திரும்பி வந்து முழங்கையில் அடிக்கும். இதை எங்களுள் ஒருவர் அழுகையும் ஆத்திரமுமாய்ச் சொன்னபோது, மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து, காலை முதல் மாலை வரை அந்த வண்டியைத் தாங்களே தள்ளினீர்கள். மாலையில் முழங்கையைத் தடவிக்கொண்டு, "உங்க மேல தப்பில்லம்மா. காந்தம் வேணும். சும்மா இருக்கும்போது கதவைத் திறந்தே பிடிச்சிருக்கும், அலாரம் அடிச்சா விட்டுடும்" என்றீர்கள்.

காந்தம் வேண்டி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். ஆறு ஆண்டுகளில் பதினேழு கடிதம். பதினேழுக்கும் ஒரே விடை: பரிசீலனையில் உள்ளது. தாங்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. நாங்கள் கட்டை வைப்பதையும் நிறுத்தவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகல், எங்கள் தாழ்வாரத்துக் கோடியிலிருந்த துணிக்கிடங்கில் மின்விசிறிக் கம்பி பற்றிக்கொண்டது. நூற்றுக்கணக்கான போர்வைகள் கனன்று எழுந்த புகை தாழ்வாரத்தில் உருண்டு வந்தது. கிடங்குக்கும் எங்கள் பிரிவுக்கும் நடுவே நின்ற அந்த இரட்டைக் கதவு திறந்தே கிடந்தது. அடியில் கட்டை இருந்தது.

அலாரம் கேட்டு இரண்டு மாடி ஓடி ஏறி வந்தீர்கள். புகைக்குள் குனிந்து கட்டையை இழுத்தீர்கள், இறுகிப்போய் வரவில்லை. காலால் எட்டி உதைத்தீர்கள். மூன்றாம் உதைக்கு அது தெறித்தது. கதவு போய்த் தாழ் விழுந்தது. பிறகு கிடங்கின் பொய்க்கூரையே சரிந்து விழுந்தும், தீயணைப்புப் படை வந்து முடிக்கும்வரை நாற்பது நிமிடம் அக்கதவு நின்றது. எங்கள் பக்கத்து வண்ணப்பூச்சு கொப்புளிக்கக்கூட இல்லை.

ஆயினும், கதவு மூடுமுன் புகுந்த புகை புகுந்ததுதான். கதவை ஒட்டிய கட்டிலில் கிடந்த தையற்காரப் பெண்மணி பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். உயிர் பிழைத்தார், நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அவரைத் தோளில் சுமந்து வெளியேறிய எங்கள் தலைமைச் செவிலியர்தாம் இப்போது இம்மடலை வாசிக்கிறார். அவர் குரல் கரகரப்பது அன்று தொடங்கியது.

விசாரணைக் குழுவில் மூவர் அமர்ந்திருந்தனர். முதலில் தங்களைக் கேட்டார்கள். தாங்கள் சொன்னதை, வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த நாங்கள், செவிலியரும் ஆயாக்களும் துப்புரவாளருமாய்ப் பதினொருவரும், கேட்டோம்.

"காலையில ஒன்பது பத்துக்கு அந்தப் பக்கம் போனேங்க. கட்டை இருந்துச்சு. பார்த்தேன். எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"அலுத்துப் போச்சுங்க. இருபத்து மூணு வருஷமாக் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கறேன். அன்னைக்கு ஒரு நாள் குனிய முடியல. அப்புறம் பார்த்துக்கலாம்னு போயிட்டேன்."

"வச்சது யாரு?"

"வச்சதை நான் பார்க்கலையே. பார்க்காததை எப்படிச் சொல்றது?"

அதன்பின் எங்களை ஒவ்வொருவராய் அழைத்தார்கள். ஒருவருக்கு மகள் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இன்னொருவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். மற்றவர்க்கு வெறும் அச்சம். பதினொருவரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வந்தோம்: "தெரியாது."

பராமரிப்பாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. மறுமாதம் வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி தங்களுக்கு வரவில்லை, பிறகு வரவேயில்லை. நான்கே மாதத்தில் காந்தங்கள் வந்தன. அறுபத்து நான்கையும் தாங்களே மாட்டினீர்கள். கடைசிக் காந்தத்தை முடுக்கிவிட்டு ஏணியில் உட்கார்ந்திருந்த தங்கள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, அசதிதான் இருந்தது. நாங்கள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தோம்.

இப்படியே பதினோரு ஆண்டுகள், தாங்கள் வருவதும் அளப்பதும் போவதும், நாங்கள் முகம் பார்த்துப் பேசாமல் நழுவுவதுமாய்க் கழிந்தன. பொய்யைச் சுமப்பதும் ஒரு வேலைதான் ஐயா. அதற்கு விடுப்பே கிடையாது.

இரண்டு மாதம் முன்பு அந்தத் தையற்காரப் பெண்மணி மருத்துவச் சோதனைக்கு வந்தார். தையல் நடக்கிறதா என்று தலைமைச் செவிலியர் கேட்டார்.

"காலால மிதிக்க மூச்சு பத்தலம்மா. கதவு வேலை பார்க்கறாரே, அவர் வந்து மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் குடுத்தாரு. வருஷா வருஷம் வந்து எண்ணெய் போட்டுட்டுப் போறாரு. எதுக்குய்யா இதெல்லாம்னு கேட்டா, என்னாலதாம்மா உனக்கு இப்படி ஆச்சுங்கறாரு."

அன்று மாலையே தலைமைச் செவிலியர் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"அண்ணே, அன்னைக்குக் கட்டையை வச்சது நான்தான். கூட இருந்த பத்துப் பேருக்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கிட்டோம்."

தங்கள் துணைவியார்தாம் பேசினார்: "பதினோரு வருஷம், ஒரு கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டாக்கூட இவர் வரமாட்டாரு. நாலு பேரு முன்னால நிக்கக் கூசுதுன்னுவாரு. இதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமேம்மா."



உண்மையை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கப்போகிறோம் என்று செவிலியர் சொன்னபோது தாங்கள் வாய் திறந்தீர்கள்: "குடுங்க. வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா நான் பார்த்துட்டு எடுக்காமப் போனேன் பாருங்க, அந்த வரியை அடிச்சிடாதீங்க. அது நடந்தது."

அடிக்கவில்லை ஐயா. இன்று காலை நிர்வாக அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டும் இருக்கின்றன: கட்டை வைத்தவரும், தெரியாது என்ற பதின்மரும் முதலில், தங்கள் வரி அதன் கீழே. தங்கள் பணிக்கோப்பில் அது சேரும். பழைய அறிக்கை திருத்தப்படும். போன பதவி திரும்பாது என்று அதிகாரி சொன்னார். எங்கள்மேல் நடவடிக்கை வரலாம் என்றும் சொன்னார். வரட்டும் என்றோம்.

சான்றாண்மையின் சிகரமே! ஒருநாள் அலுத்ததைத் தாங்கள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அலட்சியமாய் இருந்ததை நாங்கள் ஒளித்தோம். தங்களைப் பாராட்ட எங்களுக்குத் தகுதி உண்டா என்று இம்மடலை எழுதும்போதெல்லாம் ஐயம் வந்தது. இந்த அரங்கில் இன்று தங்கள் மகனும் மருமகளும் சம்பந்தி வீட்டாரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காது கேட்க ஒருமுறை வாசித்தாக வேண்டும் என்பதற்காகவே துணிந்தோம். மன்னிப்பை இங்கே கேட்கவில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் தாளில் அதைக் கேட்டுத் தங்களைத் தர்மசங்கடப்படுத்த மாட்டோம். ஒவ்வொருவராய் வீட்டுக்கு வந்து கேட்போம்.

மடலின் முடிவில் வாழ்த்து வேண்டும். என்ன வாழ்த்தலாம் என்று தங்கள் துணைவியாரிடமே கேட்டோம். "எங்க போனாலும் அங்க இருக்கிற கதவைத் தடவிப் பார்த்துக்கிட்டு நிக்காம, கூப்பிட்டவங்க முகத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க, போதும்" என்றார். அவ்வண்ணமே ஆகுக! தேய்ந்த முழங்கால் தேறுக! நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நடக்க! அழைக்கும் வீடுகளுக்கெல்லாம் அம்மாவோடு சென்று, நாலு பேர் நடுவே முன்வரிசையில் அமர்க!

இங்ஙனம்,
மூன்றாம் மாடிப் பெண்கள் பொதுப்பிரிவில் அன்று பகல் பணியிலிருந்த பதினொருவர்.

இன்றும் பணியிலுள்ள எழுவர் இங்கே கையொப்பமிட்டுள்ளோம். ஓய்வுபெற்ற மூவர் வீட்டிலிருந்து வந்து இட்டுச் சென்றனர். இறந்துபோன ஒருவருக்காக, அவருடைய மகள், அம்மா செய்ததைக் கேட்டறிந்த பின், தானே பேனா வாங்கி இட்டார்.